ராஜகுமாரியின் ஒன்றரை லட்சம்

“உங்க ஊட்டுக்காரம்மா பொம்பளைங்க காசு அத்தனையும் பதினஞ்சு வருசத்துக்குப் பூட்டி வச்சிட்டாங்களாமே” என்று ரிஜோவின் டீக்கடையில் பொன்னுத்துரையிடம் யாரோ கேட்டார்களாம். கேட்டவருக்கு அருவங்காடு பஸ்ஸில் ஒருவர் சொன்னாராம். பஸ்ஸில் சொன்னவருக்கு, குன்னூர் பேங்கில் கூட்டிப் பெருக்குகிற அம்மா சொன்னாராம். பொன்னுத்துரை இதையெல்லாம் ஜீப்பின் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மனைவியிடம் ஒப்பித்தார். ராஜகுமாரி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கால்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அது தினசரி வேலை. காலை ஆறே முக்காலுக்கு, ஜெகதளா வளைவுக்குக் கீழே காலனி ரோட்டில், ஜீப்பின் பின்படியை ஒட்டி அவள் நிற்பாள். கையில் பிளாஸ்க் மூடி நிறையப் பால் விடாத சாயத்தண்ணி. கொழுந்து பறிக்க ஏறுகிற பெண்களின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. படியில் வைக்கிற காலைத்தான் பார்ப்பாள். கம்பூட்ஸில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருந்தால் செல்வி. ஒரு காலில் பச்சை, ஒரு காலில் ஊதா என்று சாக்ஸ் எட்டிப் பார்த்தால் செல்லக்கண்ணு. படியில் வைத்த கால் ஒரு மூச்சு நேரம் நின்று யோசித்துவிட்டு ஏறினால் அது தெய்வம்மா. “காய்ச்சல மறச்சிக்கிட்டு வருவாளுங்க. மூஞ்சியில பவுடர் போட்டுக்கலாம், கால்ல என்னாத்தப் போடுறது?” என்பாள். பதினாலு பேர் ஏறியதும் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. வண்டி நகரும்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது பேர் ஏறியிருந்தார்கள். ஐந்து பேர் ரோட்டிலேயே நின்றார்கள். செடி உரசாமல் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக் கட்டாமல் கையில் சுருட்டி வைத்திருந்தார்கள். ஏறுவதா வேண்டாமா என்று தங்களுக்குள் பேசி முடிக்காதவர்கள் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

“என்னா, பல்லக்கு வரணுமா?” என்றாள் ராஜகுமாரி.

“வருவோம் யக்கா. நீங்க மொதல்ல ஏறுங்க” என்றாள் செல்வி.

பன்னிரண்டு வருடத்தில் அவளை முதலில் ஏறச் சொன்னவர்கள் யாருமில்லை. கடைசியாக ஏறுகிறவள் அவள்தான். வண்டி கிளம்பும்போது அவள் கீழேயே நின்று நழுவிவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். அது புரிய அவளுக்கு ஒரு வாய்ச் சாயத்தண்ணி விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. மூடியில் மிச்சமிருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு முதலில் ஏறினாள்.

ராஜகுமாரிக்கு நாற்பத்தொன்பது வயது. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள் பிறந்தது இங்கே, கோத்தகிரிப் பக்கம் ஒரு லயத்து வரிசை வீட்டில். பதினெட்டு வயதிலிருந்து எஸ்டேட்டில் பேர் போட்டு வேலை செய்தாள். பிறகு எஸ்டேட்டை விட்டு நின்று, கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் இந்த ஜீப்பை மூன்றாம் கையாக வாங்கினாள். சின்னத் தோட்டக்காரர்களுக்குக் கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை. ஆட்களுக்குத் தினமும் ஒரே இடத்தில் வேலை கிடைப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுடைய ஜீப் ஓடுகிறது. இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொன்று. தோட்டக்காரர் மொத்தக் கூலியையும் அவள் கணக்குக்கு அனுப்புவார். அவள் சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்குரியதைக் கையில் கொடுப்பாள். ஒரு பேருக்கு நாளுக்கு முப்பது ரூபாய் அவளுக்கு நிற்கும். டீசலும் டயரும் அதிலிருந்துதான். முதுகுக்குப் பின்னால் அவளைக் ‘கங்காணியம்மா’ என்பார்கள். முன்னால் சொன்னால் கோபம் வரும். “கங்காணிக்கு ஜனங்க கடன்பட்டுச்சு. இங்க நான்தான் இவளுங்களுக்குக் கடன்பட்டுக் கெடக்கேன்” என்பாள்.

அவள் சொன்னது உண்மை. கூலியை முழுதாக வாங்கிப் போகிற பெண்கள் அந்த ஜீப்பில் இல்லை. வீட்டுக்குப் போனால் காசு நிற்காது. குடிக்கிற புருஷன், ஃபோன் கேட்கிற மகன், வெள்ளிக்கிழமை வாசலில் வந்து உட்காருகிற குழுக்கடன்காரர். அதனால் ஒவ்வொருத்தியும் வாரம் முந்நூறோ ஐந்நூறோ ‘அக்கா கையிலயே இருக்கட்டும்’ என்று விட்டுவிடுவாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கேட்பாள். இல்லாவிட்டால் தீபாவளிக்கு.

இதற்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. எழுதி வைத்தால் எவனாவது படித்துவிடுவான் என்று பெண்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், திரும்பி வருகிற ஜீப்பில், ஒவ்வொருத்தியும் தன் மொத்தத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “செல்வி, இருபத்திரெண்டாயிரத்து நானூறு.” ராஜகுமாரி முன்சீட்டிலிருந்து அதைத் திருப்பிச் சொல்வாள். பதினாலு பேர் காதிலும் அது விழும். ஒருத்தி மறந்தால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக் கொடுப்பாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் தகராறு. அன்றைக்கும் பன்னிரண்டு பேர் ஒரே தொகையைச் சொன்னதால் வண்டி மேடேறி முடிப்பதற்குள் தீர்ந்துபோனது.

ஆனால் இப்படிச் சத்தமாகச் சொல்லிப் பழகிய வண்டியில், அந்த வாரம் ராஜகுமாரி ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவள் குன்னூர் பேங்குக்குப் போயிருந்தாள். கவுன்டரில் பிரியா. அருவங்காட்டு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். ராஜகுமாரியின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மேடம்தான்.

“ஏனுங்கக்கா, நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் சும்மா தூங்குதுங்க. கரண்ட் அக்கவுண்ட்ல ஒத்தப் பைசா வட்டி வராது, தெரியுமுங்களா?”

“தூங்கட்டும் மேடம். நான்தான் தூங்குறதில்ல.”

பிரியா சிரித்துவிட்டு இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். ஒன்று, இதே கரண்ட் அக்கவுண்ட்டை வேறு மாதிரி மாற்றுவது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கிடக்கிறதெல்லாம் தானாகவே டெபாசிட்டாகிவிடும், வட்டி வரும். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வட்டி அவளுடைய வருமானம், வரிக்கணக்கில் ஏறும். இன்னொன்று பி.பி.எஃப். வட்டிக்கு வரியே இல்லை. பதினைந்து வருடக் கணக்கு, வருடத்துக்கு ஒன்றரை லட்சம்வரை போடலாம்.

“நடுவுல எடுக்கலாங்களா?”

“எடுக்கலாமுங்க. அதுக்குன்னு ரூல் இருக்கு” என்றாள் பிரியா, பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்துக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அக்கா, இது மொத்தமும் உங்க பணம்தானுங்களா?”

ராஜகுமாரி தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“இல்லீன்னா எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் கேக்கவும் இல்ல.” பிரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பெண்களுடையது. அவளுடையது ஒரு லட்சத்து இருபத்திரெண்டாயிரம். பேங்குக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அவள் தலைக்குள் மட்டும் அது கோடு போட்டது போல இருந்தது.

காகிதம் என்றால் அவளுக்குப் பயம். பாஸ்போர்ட்டிலும் குடும்ப அட்டையிலும் பேர் ஒத்துவரவில்லை என்று ஆபீஸ் ஆபீஸாக நின்ற அப்பாவுக்குப் பிறந்தவள். வருடத்தில் பதினேழு பதினெட்டு லட்சம் தன் கணக்கில் வந்து போகிறது என்பதே அவளுக்குத் திகில். வந்ததெல்லாம் கூலியாகப் போய்விட்டது என்று யாரிடம் நிரூபிப்பது? இதில் வரிக்கணக்கு வேறா? அதைவிடப் பெரிய திகில் இன்னொன்று. முதல் தாளில் கையெழுத்துப் போட்டால் பெண்களின் பணத்துக்கும் வட்டி வரும். காலனியில் வட்டி என்றால் வெள்ளிக்கிழமை வாசலில் உட்காருகிறவர்தான். “அடுத்தவ வேர்வையில வட்டி திங்கிறான்னு ஒருத்தி சொல்லிட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஜீப்ல ஏறுறது?”

இரண்டாவது தாள் சுத்தமாகத் தெரிந்தது. வரி இல்லை, தன் பணம் மட்டும். எஸ்டேட்டை விட்டபோது ஜீப்பில் போட்டுத் தீர்த்த பி.எஃப். வேறு உருவத்தில் திரும்பி வருகிற மாதிரியும் இருந்தது. எஸ்டேட் பி.எஃப். அவளுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கூரை மாற்றுவது என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் அட்வான்ஸ் வந்துவிடும். லயத்தில் அப்படி வாங்காதவர்கள் இல்லை. ‘ரூல் இருக்கு’ என்று பிரியா சொன்னதும் அந்த ரூல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

எவ்வளவு போடுவது என்று பிரியா கேட்டபோதுதான் கை தவறியது. ஒரு லட்சத்து இருபத்திரெண்டாயிரம் என்று எழுதப் போனவள், ஒன்றரை லட்சம் என்று எழுதினாள். முழுதாகப் போட்டால்தானே முழுதாக வரும். ஏப்ரல், மே இரண்டும் கொழுந்து கொட்டுகிற மாதங்கள். இருபத்தெட்டாயிரத்தை ஜூனுக்குள் புரட்டிவிடலாம். அப்படியும் முடியாவிட்டால் அட்வான்ஸ் எழுதிக் கொடுத்தால் போயிற்று.

“அக்கவுண்ட் நம்பர் நாளைக்குத்தான் வருமுங்க. செக்க சனிக்கிழமை தேதி போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அஞ்சாந்தேதிக்குள்ள விழுந்தாத்தான் இந்த மாச வட்டி. நான் காலையில வந்ததும் மொத வேலையாப் போட்டுடறேன்” என்றாள் பிரியா. நல்ல பெண். சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சனிக்கிழமைதான் விடிந்திருந்தது.

“ரிஜோவே அந்தப் பதினஞ்சு வருசக் கணக்கு ஒண்ணு வச்சிருக்கானாம்” என்றார் பொன்னுத்துரை, கியரை மாற்றிக்கொண்டே, பின்னால் கேட்காத குரலில். “மொத அஞ்சாறு வருசம் தொடவே முடியாதாம். மகளுக்கு ஃபீஸ் கட்ட அலைஞ்சு பாத்தானாம். அந்த பேங்குப் பிள்ள உங்கிட்டச் சொல்லலியா?”

ராஜகுமாரி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சரிவில் கொழுந்து இளம்பச்சையாக விரிந்து கிடந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் கிலோவைக் கணக்குப் போட்டிருப்பாள்.

“நம்ம காசுதானே போட்ட?”

அவள் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்ததில் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. “எவ்ளோ?” என்றார்.

“இருபத்தெட்டு.”

பொன்னுத்துரை அடுத்த வளைவில் ஹாரன் அடிக்க மறந்துவிட்டார். எதிரே வந்த பால் வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போனார். ஜீப்பின் பின்னால் வழக்கமாக நடக்கிற பாட்டு, சீரியல் கதை, மாமியார் புராணம் எதுவும் அன்று இல்லை. டின் பாத்திரங்கள் மட்டும் மோதிக்கொண்டு வந்தன.

ஏழே காலுக்குத் தோட்டத்தில் இறங்கியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று பிரியாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஏழே முக்காலுக்குக் கூப்பிட்டாள். எட்டரைக்கும் கூப்பிட்டாள். பேங்க் நம்பருக்குப் போட்டால், தமிழுக்கு ஒன்றை அழுத்து என்றது. அழுத்தினால், கணக்கு விவரத்துக்கு இரண்டை அழுத்து என்றது. அவளுக்கு வேண்டியதற்கு நம்பரே இல்லை. சத்தமில்லாமல் செக்கை நிறுத்திவிட்டால் போதும். நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஜீப்பில், ‘எவ சொன்னது பூட்டிட்டேன்னு? எல்லாம் கெடக்கு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அந்த வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

வேலை நடக்கும்போது அவள் உட்கார மாட்டாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிரை நிரையாக நடப்பாள். முற்றின இலை கலந்திருந்தால் கூடையைப் பார்க்காமலே, கிள்ளுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். “செல்லக்கண்ணு, கொழுந்து பறிக்கிறியா, கொப்பு ஒடிக்கிறியா?” என்பாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேல் நிரையில் தெய்வம்மா நிமிர்ந்து தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, ஃபோனை மடிக்குள் செருகிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு முதல் நிறுவை. முடிந்ததும் பொன்னுத்துரை கொழுந்தை ஏற்றிக்கொண்டு தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விட்டார். திரும்பி வரப் பதினொன்றாகும். ஜீப்பின் சத்தம் கீழ் வளைவில் தேய்ந்த பிறகு அவளுக்கு உறைத்தது. அந்த வண்டியிலேயே குன்னூருக்குப் போயிருக்கலாம். ஆனால் போயிருந்தால், வாய்ப்பேச்சாகக் கிளம்பியதை இவர்கள் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருப்பார்கள்: பேச்சு வந்த அன்றைக்கே ஆள் கிளம்பிவிட்டாள் என்று.

தேத்தண்ணி நேரம் ஒன்பதரைக்கு. பெண்கள் நிறுவை ஷெட்டுக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தார்கள். ரொட்டியைப் பிரித்தார்கள். ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை.

செல்விதான் ஆரம்பித்தாள். “யக்கா, செல்வி. இருபத்திரெண்டாயிரத்து நானூறு. எனக்கு இன்னிக்கு வேணும்.”

“இருபத்திரெண்டாயிரத்து நானூறு” என்று ராஜகுமாரி பழக்கதோஷத்தில் திருப்பிச் சொன்னாள்.

“செல்லக்கண்ணு. பதினெட்டாயிரம். எனக்கும் இன்னிக்கே.”

“பதினெட்டாயிரம்.”

அப்படியே வட்டம் சுற்றி வந்தது. சாயங்காலம் ஜீப்பில் கேட்க வேண்டிய தொகைகள் வெயிலில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் அவள் ஒரு ரூபாய் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. பதிமூன்று பேர் முடிந்தார்கள். தெய்வம்மா பாக்கி. அவளுடைய தொகைதான் பெரியது. அறுபத்தோராயிரம். மழைக்கு முன் கூரைத் தகடு மாற்றுவதற்கு நாலு வருடமாகச் சேர்த்தது.

தெய்வம்மா ரொட்டியைப் பிய்த்துச் சாயத்தண்ணியில் நனைத்தாள். அறுபத்திரெண்டு வயது. பத்து வயதுவரை இலங்கையில் ஹட்டனில் இருந்தவள். காசை இன்னும் சல்லி என்றுதான் சொல்வாள். “ராஜி புள்ள, நான் சல்லி கேக்கல. ஒரு கத கேக்குறேன். காலையிலருந்து தொட்டிக்குப் பின்னால நின்னு யார்கூடப் பேசுற?”

“யார்கூடவும் பேசல. எடுக்க மாட்டேங்குறாங்க.”

“யாரு?”

சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. அது வருவதற்கு ஜீப் வேண்டும், சாயங்காலம் வேண்டும், முன்சீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இங்கே பதினாலு முகம் எதிரே இருந்தது. கால்களைச் சாக்கு மூடியிருந்தது.

“பூட்டல” என்றாள் ராஜகுமாரி. “இன்னும் பூட்டல. ஆனா பூட்டக் குடுத்திருக்கேன். பத்து மணிக்கு பேங்கு திறந்ததும் விழுந்துரும். ஒன்றரை லட்சம்.”

வட்டத்தில் ஒருத்தி ‘ஐயோ’ என்று மூச்சு விட்டாள்.

“அதுல ஒரு லட்சத்து இருபத்திரெண்டு என்னோடது. இருபத்தெட்டாயிரம் உங்களோடது. எஸ்டேட்டு பி.எஃப். மாதிரி எழுதிக் குடுத்தா வந்துரும்னு நெனச்சிட்டேன். அப்படி இல்லியாம். அஞ்சாறு வருசம் தொட ஏலாதாம்.”

“இருபத்தெட்டாயிரம் எங்களோடதுன்னா” என்று செல்வி நிறுத்தி நிதானமாகக் கேட்டாள், “எங்கள்ல யாரோடது?”

இந்தக் கேள்வியை ராஜகுமாரி தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. இரண்டு நாளாக அவள் தலைக்குள் இருந்த கோடு பெண்களின் பணத்தை ஒரே குவியலாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குவியலில் இருந்து இருபத்தெட்டை எடுத்தால் ஒருத்தியின் மடியில் கை வைத்தாக வேண்டும் என்று அது சொல்லவே இல்லை.

“என் கூரையாத்தான் இருக்கும்” என்றாள் தெய்வம்மா. “பெரிய சல்லி என்னோடதுதானே. எலி கடிச்சா பெரிய மூட்டையத்தானே கடிக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. தெய்வம்மாவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“வேற ஒரு கணக்கு இருக்காமே யக்கா” என்றாள் செல்லக்கண்ணு. “போட்டு வச்சா வட்டியும் வருமாம், கேட்டப்ப எடுக்கலாமாம். பேங்கு கூட்டுற அம்மா சொன்னிச்சாம். அதுல ஏன் போடல?”

“அதுல உங்க காசுக்கும் சேத்து எனக்கு வட்டி வரும். உங்க காசுல நான் வட்டி திங்கிறேன்னு பேச்சு வரும். அதுக்குப் பயந்தேன்.”

“பயந்து?” செல்வி எழுந்தே விட்டாள். “வந்த வட்டிய எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தா பேச்சு எப்படி யக்கா வரும்? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? முட்டாப் பொம்பளைங்களுக்கு வட்டி எதுக்குன்னு நெனச்சீங்களா? எங்க காசுக்கு வட்டி வந்திருந்தா எம்மகனுக்கு ஒரு பை வந்திருக்கும், செருப்பு வந்திருக்கும். பன்னெண்டு வருசமா சும்மா போட்டு வச்சிருந்தீங்க. அதச் சொல்லவும் இல்ல. எங்க தொகைய மட்டும் வாரா வாரம் நாங்க கத்திக் கத்திச் சொல்றோம். உங்க தொகைய நீங்க என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?”

திட்டுகிறவளை ராஜகுமாரி சமாளிப்பாள். கேட்காதது போல ஒரு நிரை தள்ளிப் போய்விடுவாள். இது திட்டு இல்லை.

“ஒரு லட்சத்து இருபத்திரெண்டாயிரம்” என்றாள். “அதுதான் என்னோடது. வேற இல்ல.”

ஒருத்தியும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

“ஜீப்ப வித்தாவது தருவேன்.”

“ஜீப்ப வித்துட்டு எங்கள எதுல கூட்டிட்டுப் போவ? முதுகுலயா?” என்றாள் தெய்வம்மா. “மணி என்னா?”

ஒன்பது ஐம்பத்திரெண்டு.

“அந்தப் பிள்ள பேங்குக்குள்ள போயிருச்சுன்னா ஃபோனு எடுக்குமா?”

“உள்ள போனா பைக்குள்ள வச்சிரும்.”

“அப்பக் கூப்புடு. இங்க வச்சுக் கூப்புடு. தொட்டிக்குப் பின்னால போகாத.”

ராஜகுமாரி மடியிலிருந்து ஃபோனை எடுத்தாள். விரல்களில் கொழுந்துச் சாறு கறுத்துப் பிசுபிசுத்தது. முதல் தொடுதலுக்குத் திரை அசையவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு பிரியாவின் பேரை அழுத்தினாள். மணி போயிற்று. முழுதாகப் போய் அறுந்தது. ஒன்பது ஐம்பத்து நாலு. செல்வி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். செல்லக்கண்ணு ரொட்டிப் பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள்.

“எடுத்தா என்னா சொல்லப் போற?” என்றாள் தெய்வம்மா.

“செக்கக் கிழிச்சிருங்க மேடம்னு சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அந்த இன்னொரு தாள எடுத்து வைங்க, பதினாலு பேரோட வாரேன்னு.”

“பதினஞ்சு” என்றாள் செல்வி. “நீங்களும் சேந்து.”

ராஜகுமாரி மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை காதுக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். வட்டத்துக்கு நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஃபோனை வைத்தாள். செல்வி நிற்கிற பக்கமாகத் திரையைத் திருப்பினாள். பிறகு, வேலை நேரத்தில் உட்காராத அவள், செல்லக்கண்ணுவுக்கும் தெய்வம்மாவுக்கும் நடுவே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். கூடையின் மேல் மணி போய்க்கொண்டே இருந்தது.